கழுத்துக்கு அடியில் இருந்த சிவப்பு

ஆகஸ்ட் 28, திங்கள்

ஆறு வாரமாகக் கையில் இருந்த கட்டை இன்று அவிழ்த்தார்கள். இடது கை மோதிர விரல் வெளியே வந்தது. அவித்துத் தோலுரித்த பனங்கிழங்கு மாதிரி இருக்கிறது.

ஜூலை பதினாறு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சீலா மீன் நறுக்க அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். மீன் வழுக்கிவிட்டது. விரலை மடக்கும் தசைநார் அறுந்து, மறுநாள் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மீனை இவர் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் யாரென்று பார்த்தால் பர்வீன். பத்து வருடத்துக்கு முன் என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவள். அன்று என்னைக் கண்டால் நடுங்குவாள்.

“மடக்குங்க டீச்சர்.”

மற்ற விரல்கள் மடங்கின. இது பாதியில் நின்றுகொண்டது.

“நார் நல்லா சேந்திருக்கு. ஆனா சும்மா விட்டா சுத்தி இருக்குற சதையோட ஒட்டிக்கிடும். மணிக்கு ஒருக்க, பத்து தடவ மடக்கி நீட்டணும். இப்ப விட்டுட்டு அப்புறம் வந்து அழக்கூடாது.”

“கிடார் வாசிக்கலாமா?” நான் கேட்கவில்லை, இவர்தான் கேட்டார்.

“மூணு மாசம் ஆகட்டும் சார். டீச்சர் ஒழுங்கா பயிற்சி செஞ்சா பாக்கலாம்.”

பயிற்சி: ஐந்து தடவை. வலிக்கிறது.

ஆகஸ்ட் 31, வியாழன்

பள்ளிக்கூடத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. சுண்ணக்கட்டி பிடிப்பது வலது கைதானே. பயிற்சி: நாளை.

செப்டம்பர் 3, ஞாயிறு

கோயிலில் இன்றும் என் இடத்தில் வாசித்தது கீபோர்டுப் பையன் ஜாபேஸ்தான். கீபோர்டில் கிடார் சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமுக்கி காணிக்கைப் பாட்டு முழுவதும் வாசித்தான். டிரான்சிஸ்டரை வாளிக்குள் வைத்துக் கேட்ட மாதிரி இருந்தது. எல்லோரும் “ரொம்ப நல்லாருந்துச்சு தம்பி” என்றார்கள். நானும் சொன்னேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

வாசலில் கமிட்டிச் செயலர் பிடித்துக்கொண்டார். “அசனத்துக்கு நீங்கதான டீச்சர்? அக்டோபர் இருவத்தொம்பது. சொல்லிட்டேன்.” சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் அந்த நாளில், இருபத்து நான்கு வருடமாக நான் வாசிக்காமல் இருந்ததில்லை. “பாக்கலாம்” என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மரக்கலர் எலக்ட்ரிக் கிடார். வலது முழங்கை உராயும் இடத்தில் வார்னிஷ் போய் வெளிறிக் கிடக்கிறது. பார்க்கக் கோயில் பெஞ்சுதான். அதில் ஆச்சரியமும் இல்லை.

1999-ல் முதல் சம்பளத்தில் இதை வாங்கியபோது நல்ல சிவப்பு. மெல்லிசைக் குழுவில் இருந்த ஒருவர் துபாய் போகும்போது விற்றுவிட்டுப் போனார். மாதுளை முத்து நிறம். மறுவாரமே கோயிலுக்குக் கொண்டுபோனேன். கமிட்டி கூடியது. ‘சினிமாக் கிடார் ஆலயத்துக்கு ஆகாது’ என்று பேசி, கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: பெயிண்டை எடுத்துவிட்டு ஆலயத்துப் பெஞ்சுகளின் நிறத்துக்கு மாற்றினால் வாசிக்கலாம். எனக்கு இருபத்திரண்டு வயது. அழுதுகொண்டே மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கூடத் தேய்க்க வந்தவர் பாடகர் குழுவில் டெனர் பாடிய ஒருவர். பெஞ்சுக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷை அவர்தான் டப்பாவோடு கொண்டுவந்தார். அந்த டெனரையே கட்டிக்கொண்டேன்.

இப்போது எப்படியும் வாசிக்க முடியாது. கமிட்டியில் அந்தக் காலத்து ஆட்களும் இல்லை. திரும்பச் சிவப்பு அடித்துவிட்டால் என்ன?

எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஏழு வாரத்தில் இன்றுதான் எனக்கு உருப்படியாக ஒன்று தோன்றியிருக்கிறது.

பயிற்சி: மறந்துபோனது.

செப்டம்பர் 5, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “சிவப்பா?” என்றார். பிறகு தம்ளரைத் தானே கழுவி வைத்தார். தம்ளர் கழுவுகிற மனிதர் இல்லை இவர்.

செப்டம்பர் 7, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சி பட்டறைக்குப் போனோம். கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வண்டி எங்கயும் முட்டலயே டீச்சர். நல்லாத்தான இருக்கு, எதுக்கு அடிக்கிய?”

“சிவப்பு வேணும் அண்ணாச்சி.”

“அடிச்சிருவோம். ஆனா எல்லாத்தயும் கழட்டித் தரணும். கம்பி, குமிழு, கழுத்து, ஒண்ணு இருக்கப்படாது. கதவோட சேத்துக் கைப்பிடிக்கும் பெயிண்ட் அடிக்குத ஆளு நான் இல்ல.” பிறகு சிவப்புகளாகவே ஒரு கலர் அட்டையை எடுத்துப் போட்டார். நாற்பது சிவப்பு இருக்கும். வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 9, சனி

இவர் கழற்றினார். ஒற்றைக் கையால் எனக்கு ஸ்க்ரூ திருக வரவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மாத்திரை டப்பாவின் ஒவ்வொரு அறையில் போட்டு, மேலே தாள் ஒட்டி எழுதினார். கம்பி ஆறும் சுருட்டிக் கட்டியாயிற்று. கழுத்தை உடம்போடு சேர்க்கும் நான்கு ஸ்க்ரூவும் துருப்பிடித்து அசையவில்லை. அதைப் பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து, “கை எப்படி இருக்கு? வாசிச்சுப் பாத்தியா?” என்றாள். மேசையைக் காட்டினேன். “எல்லாம் கழட்டிக் கெடக்குக்கா, எப்படி வாசிக்க?” இனி யார் கேட்டாலும் சொல்ல நல்ல பதில் கிடைத்திருக்கிறது.

செப்டம்பர் 13, புதன்

அட்டையில் பதினொன்றும் இருபத்தாறும் பிடித்திருக்கின்றன. பதினொன்று கொஞ்சம் ரத்தம் போல. இருபத்தாறு பகலில் அழகு, டியூப்லைட்டில் அழுக்கு. பயிற்சி: இல்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பர்வீன் விரலின் மேல் அளவுகோல் வைத்தாள். போன தடவையைவிடக் குறைவாக மடங்குகிறது. அதை ஏட்டில் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஹோம்வொர்க் செய்யாம வந்தா நீங்க எங்கள என்ன செய்வீங்க டீச்சர்?”

“வெளிய நிக்க வைப்பேன்.”

“நான் அப்படிச் செய்ய முடியாதே. வெளிய நின்னா விரல் மடங்காது. இன்னும் ஒரு மாசம்தான் கைவசம் இருக்கு, சொல்லிட்டேன்.”

அவள் கண் கலங்கின மாதிரி இருந்தது. அந்த அறையில் மருந்து நெடி அதிகம், அதனால் இருக்கலாம்.

செப்டம்பர் 20, புதன்

சண்டை. நான் இருபத்தாறாம் நம்பரை முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னதற்கு இவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

“பதினஞ்சு நாளா பெயிண்டப் பத்திப் பேசுத பியூலா. விரலப் பத்தி ஒரு நாளு பேசினியா?”

“கிடாரே கழட்டிக் கெடக்கும்போது விரலப் பத்திப் பேசி என்ன செய்ய?”

“அதுக்குத்தான் கழட்டிப் போட்டியா?”

இவருக்கு எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் புத்தி. சாம்பாரில் உப்பு இல்லை என்று நேற்றுச் சொன்னதும் அப்படித்தான். உப்பு சரியாக இருந்தது.

செப்டம்பர் 23, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பட்டறையில் அண்ணாச்சி துருப்பிடித்த ஸ்க்ரூக்களில் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, நான்கையும் எடுத்தார். கழுத்து தனியே வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில், தீப்பெட்டி அளவுக்குச் சிவப்பு! அன்று மூன்று நாள் தேய்த்தபோது நாங்கள் கழுத்தைக் கழற்றவில்லை. அதற்கடியில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்திருக்கிறது.

ஆசையோடு குனிந்து பார்த்தேன். மாதுளை முத்து இல்லை. கேஸ் சிலிண்டர்.

சத்தியமாகக் கேஸ் சிலிண்டர் சிவப்பு. வெளிச்சம் படாத இடத்தில் நிறம் வெளுக்காது, வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் இதில் வாதாட முடியாது. வாங்கிய நாளிலும் இதே நிறம்தான் இருந்திருக்க வேண்டும். இதற்காகவா இருபத்து நான்கு வருடம் கமிட்டியைக் கரித்துக்கொட்டினேன்?

“இந்தச் சிவப்பையா டீச்சர் கேக்கிய? இது அட்டையிலயே இல்லய,” என்றார் அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதற்குள் உடம்பு முழுவதும் ஒரு கை உப்புத்தாள் போட்டு வார்னிஷின் பளபளப்பை எடுத்து, கம்பியில் தொங்கவிட்டார். நாங்கள் கழுத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு நின்ற பிறகுதான் தெரிந்தது, எனக்குச் சிவப்பு வேண்டியதில்லை. எந்த நிறமும் வேண்டியதில்லை. எனக்குப் பயம். இந்த விரல் இனி கம்பியை அமுக்காது என்று பயம். மடக்கிப் பார்த்தால் அது தெரிந்துவிடும், அதனால் மடக்காமல் இருக்கிறேன். எழுதிவிட்டேன்.

பயிற்சி: பத்து. வலித்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

முடிவு: மரக்கலரே இருக்கட்டும். மேலே நிறமில்லாத கிளியர் வார்னிஷ் மட்டும் அடித்தால் போதும். நாளை பள்ளி விட்டதும் போய்ச் சொல்ல வேண்டும். இவரிடம் சொன்னபோது, “உனக்குப் பிடிச்சாச் சரி” என்றுவிட்டு, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 25, திங்கள்

போனேன். கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எருமைக்கன்று நிறத்தில்.

“பிரைமர் அடிச்சாச்சு டீச்சர்! ரெண்டு கோட்டு,” என்றார் அண்ணாச்சி பெருமையாக.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. “எங்க பட்டறையில தேச்சு முடிஞ்சதுதான் அந்தக் கம்பிக்குப் போவும். கம்பியில தொங்குனா பிரைமருக்கு ரெடின்னு அர்த்தம். நானேதான் தொங்கப் போட்டேன், நானேதான் அடிச்சேன். உங்கட்ட ஒரு வார்த்த கேக்காம போய்ட்டனே.”

கேட்கவில்லைதான். ஆனால் மூன்று வாரம் அவரிடம் சிவப்பு சிவப்பு என்று சொன்னது நான். யாரைத் திட்ட?

தின்னர் போட்டுத் துடைக்கலாமா என்றேன். சாம்பல் நிறம் மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிடுமாம். மெஷின் போட்டால் ஓரங்களைத் தின்றுவிடுமாம். கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அவர் ஆயுத பூஜை வரைக்கும் நிமிர முடியாது. பட்டறை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன, பூஜைக்கு முன் எல்லோருக்கும் புதுப் பெயிண்ட் வேண்டும்.

“குடுங்க, நானே தேய்க்கேன்,” என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு உப்புத்தாள் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

பர்வீனிடம் எல்லாம் சொன்னேன், பயிற்சி செய்யாமல் இருந்ததையும், இனி தேய்க்கப்போவதையும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உற்சாகத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

“பத்து வாரம் தாண்டிட்டு டீச்சர், லேசாப் பிடிக்கலாம். வலது கையால கிடாரப் பிடிங்க. உப்புத்தாள இடது கையில வச்சுத் தேய்ங்க. அழுத்தக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம். தாள எதுலயாவது சுத்திக்கோங்க. மொதல்ல தடியா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒல்லியா.”

பள்ளிக்கூட டஸ்டரில் சுற்றியிருக்கிறேன்.

செப்டம்பர் 27, புதன்

உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிகிறது. கை கடுக்கிறது.

அக்டோபர் 2, திங்கள்

காந்தி ஜெயந்தி, விடுமுறை. மொட்டை மாடியில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு காலை முழுவதும், பத்துப் பத்து நிமிடமாக. டஸ்டரை விட்டுவிட்டுத் துணி சோப்புக் கட்டிக்கு வந்துவிட்டேன். மோதிர விரல் சோப்பைச் சுற்றிப் பிடிக்கிறது! பக்கத்து மாடியிலிருந்து அக்கா, “வீடு வெள்ளையடிக்கப் போறியா?” என்று கேட்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து இவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவர் பின்பக்கம், நான் முன்பக்கம். 

“அந்தத் தீர்மானம் இருக்குல்லா,” என்றார் திடீரென்று.

“எது?”

“பெயிண்ட எடுத்தா வாசிக்கலாம்னு. அத நான்தான் சொன்னேன்.”

நான் தேய்ப்பதை நிறுத்தினேன். வாலிபர் சார்பில் இவரும் கமிட்டியில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசியிருப்பார் என்று நானாகவே நினைத்திருந்தேன்.

“கிடாரே வேண்டாம்னு எழுதப் போனாவ. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நான் எந்திரிச்சு, கலருதான பிரச்சன, கலர எடுத்துட்டா என்னன்னு கேட்டேன். நீ அழுதுக்கிட்டுத் தேய்க்கும்போது சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்ல நேரமே வாய்க்கல.”

“இருவத்து நாலு வருசத்துல நேரம் வாய்க்கலையாக்கும்?”

“நீ சிவப்பு சிவப்புன்னு சொல்லும்போதெல்லாம் தொண்ட வர வரும்.”

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர் அன்று எழுந்து நின்றிருக்காவிட்டால் நான் ஒரு ஞாயிறோடு கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன். இவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று இங்கே எழுதிவைக்கிறேன். நேரில் சொன்னால் தலைக்கேறிவிடும். நேரில் சொன்னது: “அந்த ஓரத்துல இன்னும் சாம்பல் இருக்கு, ஒழுங்கா தேய்ங்க.”

அக்டோபர் 15, ஞாயிறு

மார்க்கர் பேனாவில் தாளைச் சுற்றி, கிடாரின் இடுப்பு வளைவில் இருந்த கடைசிச் சாம்பலையும் எடுத்தாயிற்று. அவ்வளவு ஒல்லியான பேனாவை விரல் பிடிக்கிறது. உள்ளங்கையைத் தொட அரிசி அளவு இடைவெளிதான் பாக்கி. முழங்கை உராய்ந்த வெளிறலும் போய்விட்டது. அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அக்டோபர் 19, வியாழன்

இத்தனை வண்டிகளுக்கு நடுவில் அண்ணாச்சி கிளியர் அடித்துவிட்டார். அடிப்பதற்கு முன் போன் செய்து, “நெறம் இல்லாத கிளியர்தான, கேட்டுக்கிடுதேன்” என்றார். அரை மணி கழித்து மறுபடி போன்: “கழுத்துப் பள்ளத்துச் செவப்ப என்ன செய்ய? எடுத்துரட்டா?”

“வேண்டாம் அண்ணாச்சி. கெடந்துட்டுப் போட்டும்.”

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வாங்கிக்கொள்ளப் போனால், புதுப் பெயிண்ட் கார்களோடு வரிசையில் கிடாரையும் நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். பொரி, சுண்டல் தந்தார். கூலி என்றதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வரும்வரை பொட்டை அழிக்க மனம் வரவில்லை. வந்ததும் இவர்தான், “இந்தப் பொட்டோட போனா கமிட்டி இன்னொரு தீர்மானம் போடும்” என்று துடைத்தார்.

அக்டோபர் 25, புதன்

பூட்டியாயிற்று. மாத்திரை டப்பாவில் எழுதி ஒட்டிய தாள்கள் எண்ணெய் பட்டு அழிந்திருந்ததால் இவர் குத்துமதிப்பாகத் திருகினார். நீளமான ஸ்க்ரூ ஒன்று மிச்சம். “கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருக்கான்” என்கிறார்.

ஆம்ப்ளிஃபையரில் சொருகி, மூன்று விரலாலும் சேர்த்து அமுக்கும் ஜி கார்டைப் பிடித்தேன். மோதிர விரல் தாமதமாக வந்து, அரைகுறையாக அமுக்கியது. கொரகொரவென்று சத்தம். ஆனாலும் ஐந்து கம்பி பேசியது. நான் அழுதேன். இவர் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 28, சனி

ஜி கார்டு பத்துக்கு ஆறு தடவை சரியாக விழுகிறது. விரலையே பார்த்துக்கொண்டு வாசித்தால் ஆறு. பார்க்காவிட்டால் மூன்று. காணிக்கைப் பாட்டில் ஜி இருபது இடத்தில் வருகிறது. நாளைக் காலை ஜாபேஸிடம், பொத்தானை அமுக்கத் தயாராக இரு என்று சொல்லிவைக்க வேண்டும்.

அக்டோபர் 29, ஞாயிறு

சொல்லிவைத்தேன். அவன் பயபக்தியோடு தலையாட்டினான்.

முதல் சரணம் விரலைப் பார்த்தபடியே போனது. இரண்டு இடத்தில் கொரகொரத்தது. இரண்டாம் சரணம் தொடங்கும்போது கிடார் வலது பக்கமாகச் சரிந்தது. தோள்வாரை மாட்டும் குமிழ் கழன்று தரையில் விழுந்து, கமிட்டிச் செயலர் காலடிக்கு உருண்டது. மிச்சமான நீள ஸ்க்ரூ எங்கே போயிருக்க வேண்டும் என்று எனக்கும் இவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

முழங்கையால் இறுக்கிப் பிடித்தேன். மேலும் சரிந்தது. அப்போது டெனர் வரிசையிலிருந்து இவர் இறங்கி வந்தார். சபை முழுவதும் பார்க்க, என் முன்னால் ஒற்றை முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் கிடாரை அடியில் தாங்கிப் பிடித்தார். பாடுவதையும் விடவில்லை. வேட்டி நுனி, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைத்திருந்த பூசணிக்காயின் அடியில் மாட்டிக்கொண்டது. முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கிடாரைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா, பூசணிக்காயைப் பார்ப்பதா என்று இரண்டு சரணம் முடிந்தது.

ஆமென் சொன்ன பிறகுதான் ஜாபேஸைப் பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்தானை அமுக்கவே இல்லை. “எதுக்கு டீச்சர்? எல்லா கார்டும் விழுந்துச்சே,” என்றான்.

அந்த இரண்டு சரணத்திலும் நான் விரலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பந்தியில் செயலர் குமிழைக் கொண்டுவந்து இவர் இலை ஓரத்தில் வைத்தார். கறி நன்றாக இருந்தது. ஸ்க்ரூ வீட்டில் டிவி மேல் இருக்கிறது, நாளைக்குப் போட வேண்டும்.

பயிற்சி: சபையே பார்த்தது. பர்வீனிடம் சொல்ல வேண்டும்.